தலைமாட்டில் வெளிச்சம்

அந்த சோலார் விளக்கை அங்கேயே வையுங்கள் சார். உட்காருங்கள். நாற்காலி கொஞ்சம் ஆடும். சுவரோரமாகச் சாய்த்துக்கொண்டால் விழாது.

புயல் சமயத்தில் வெளிச்சத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். வீட்டில் கிடைக்கிற பொருளை வைத்து யார் யார் என்னென்ன விளக்கு செய்தார்கள் என்று ஒரு சின்னப் புத்தகம் போடப்போவதாகவும், அடுத்த புயலுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்றும் சொன்னீர்கள். நல்ல காரியம். நான் செய்ததை முறையாகச் சொல்கிறேன். தெருமுனையில் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். "அந்தப் பையன் வீட்டுக்கா போறீங்க?" என்று கேட்டிருப்பார்களே? பரவாயில்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். என் பக்கத்தையும் ஒருவர் கேட்கட்டும்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஆறாம் வகுப்பிலிருந்து என்னை ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தார். லீவுக்கு வந்தால்கூட ஒரு வேலை சொல்ல மாட்டார். கல்யாணத்துக்குக் கூட்டிப்போவார், திருவிழாவுக்குக் கூட்டிப்போவார், எழவு வீட்டுக்கு மட்டும் கூட்டிப்போக மாட்டார். தெருவில் மேளச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு, "படிக்கிற புள்ள, உனக்கு எதுக்கு அதெல்லாம்" என்பார். எனக்கும் அது வசதியாக இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம்.

சரி, விளக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

புயலுக்கு முந்தின வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். எல்லாம் புரியும். இடது கையால் ஜாடை காட்டுவார். அம்மாதான் பார்த்துக்கொண்டாள். புயலுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா மலர்க்கொடிக்குப் பிரசவம் என்று அம்மா திருப்பூருக்குப் போக வேண்டியதாயிற்று. நான் வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அதனால் அப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் அப்பாவப் பத்திரமா பாத்துக்கடா. கஞ்சிய அவசரப்பட்டு ஊத்திராத. தொண்டை ஏறி எறங்குறதக் கண்ணால பாத்துட்டு அடுத்த கரண்டி குடு. இல்லேன்னா பொரை ஏறிரும்." டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார். புரையேறினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும், உயிருக்கே ஆபத்து என்று. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வெளிச்சம் தேவைப்பட்டது நான் படிப்பதற்கு இல்லை. அப்பாவின் தொண்டையைப் பார்ப்பதற்கு.

புயல் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சமையல்கட்டுச் சுவர் விழுந்தது. சாமி மாடம் அந்தச் சுவரில்தான் இருந்தது. குத்துவிளக்கு, அகல் எல்லாம் அடியில் போய்விட்டன. கொல்லையில் நின்ற பலா மரம் கூரைமேல் சாய்ந்து ஜன்னலையும் அடைத்துக்கொண்டது. கட்டிலுக்கு நேர் மேலே ஓடு உடைந்து தண்ணீர் கொட்டியது. அப்பாவைத் தூக்கித் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்தேன். காய்ந்த இடம் என்று ஒரு மூலைதான் இருந்தது. அந்த மூலையில் கால் நீட்ட வேண்டுமென்றால் தலை தெற்கேதான் வரும். வேறு வழியில்லை. அளந்து பார்த்தே சொல்கிறேன்.

கரண்ட் இல்லை. போன் டவர் இல்லை. கடையில் மெழுகுவர்த்தி முதல் நாளே தீர்ந்துவிட்டது. பட்டுக்கோட்டை ரோட்டில் மரத்துக்குமேல் மரமாகக் கிடந்தது. பகலிலேயே வீட்டுக்குள் முகம் தெரியாது.

முதலில் போன் டார்ச். டார்ச்சின்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தால் வெளிச்சம் பரவும். தண்ணீரில் ரெண்டு சொட்டுப் பால் விட்டால் இன்னும் நன்றாகப் பரவும். இதை நீங்கள் தாராளமாகப் புத்தகத்தில் போடலாம். ஆனால் சார்ஜ் தீர்ந்தால் அவ்வளவுதான். மறுநாளே தீர்ந்துவிட்டது.

அடுத்தது தண்ணீர் விளக்கு. கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர், அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு ரேஷன் பாமாயில். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பழைய வேட்டித் துணியைத் திரித்துச் செருகி மிதக்க விட வேண்டும். எண்ணெய் மிச்சமாகும். அழகாகவும் எரிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்றுதான். இருட்டில் என் கால் பட்டு உடைந்தது. எவர்சில்வர் டம்ளரில் செய்தால் கூரைக்கு மட்டும்தான் வெளிச்சம் போகிறது, பக்கவாட்டில் வரவில்லை.

பிறகு பக்கத்து வீட்டுப் பாப்பாவின் மெழுகுக் கலர்ப் பென்சில். நுனியைக் கொளுத்தினால் சுற்றியிருக்கிற காகிதமே திரியாக எரியும். எரிந்தது. ஆனால் கறுப்புப் புகை. அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. பயந்துபோய் அணைத்துவிட்டேன். அதைப் போட வேண்டாம். போட்டாலும் நோயாளி இருக்கிற வீட்டில் கூடாது என்று போடுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் இருட்டில்தான் கஞ்சி கொடுத்தேன். மூன்றாவது கரண்டியில் புரையேறியது. முகம் நீலமாகப் போய், கண் பிதுங்கி... நிமிர்த்தி முதுகில் தட்டித் தட்டி எப்படியோ மூச்சு வந்தது. அம்மா வருவதற்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அப்போதுதான் உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தேன். சாயாத விளக்கு வேண்டும். உடையக் கூடாது. பொருள் சுலபமாகக் கிடைக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும்.

வாசலில் பார்த்தால் ஊர் முழுக்கத் தேங்காய் கிடக்கிறது சார். மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

தேங்காய் மூடியைப் பற்றி நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? உள்பக்கம் வெள்ளை. ஆட்டோ முகப்பு விளக்குக்குள் ஒரு கிண்ணம் இருக்குமே, அந்த மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதுவாகவே எண்ணெய்ப் பசை உள்ளது. அடியில் துணியை வளையமாகச் சுற்றி வைத்தால் உதைத்தாலும் சாயாது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போனில் ஏதோ ஒரு வீடியோவில் ஆரஞ்சுத் தோலில் செய்து காட்டினார்கள். அதை வைத்து நானாக யோசித்ததுதான் இது.

மறுநாள் சாயங்காலம் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காயை உடைத்தேன். ஒரே தட்டில் சரிபாதியாக விண்டது. எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, ரெண்டு மூடியையும் ஏற்றி, தலைமாட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறுபக்கம் நிழல் விழும். அதற்காகத்தான் ரெண்டு.

எவ்வளவு வெளிச்சம் தெரியுமா? அப்பாவின் முகத்தில் மூன்று நாள் தாடி தெரிந்தது. தொண்டை எலும்பு தெரிந்தது.

அப்பா முதலில் இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பிடி. மூட்டை தூக்கின கை அல்லவா? விடவே இல்லை. அவருக்கும் சந்தோஷம். மகனைப் படிக்க வைத்தது வீணாகவில்லை என்று நினைத்திருப்பார். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை இருக்குமோ என்று திரியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டேன்.

ஆனால் கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முந்தின நாள் புரையேறிய பயம். சரி, தொண்டை கொஞ்சம் ஆறட்டும் என்று வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கை வெட்டி இழுத்து ஒரு மூடியைத் தட்டிவிட்டது. பக்கவாதக்காரர்களுக்குச் சில நேரம் கை தன்னால் அசையும். எண்ணெயைத் துடைத்து, மறுபடி ஏற்றி, கை எட்டாத தூரத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் பொழுது சாய்கிற நேரத்தில் பவுனாம்பாள் அத்தை வந்தது. அப்பாவுக்கு மூத்தது. பக்கத்து ஊர். தம்பி என்ன ஆனானோ என்று விழுந்த மரமெல்லாம் ஏறி இறங்கி நடந்தே வந்திருக்கிறது. நான் கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்ததுதான் தெரியும். "என் கூடப்பொறந்த பொறப்பே..." என்று ஒரு சத்தம். வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அதற்குள் தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டது.

"அத்தை, அப்பா முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு" என்கிறேன். என் குரல் எடுபடவில்லை. அதற்குள் தெருவே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வீரையன் மாமா எட்டிப் பார்த்தார், தலைமாட்டைப் பார்த்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போய் ஆட்களோடு பேசத் தொடங்கிவிட்டார். எல்லாம் உள்ளே கேட்கிறது.

"வெறகு எங்கய்யா இருக்கு? எல்லாம் ஊறிப்போயில்ல கெடக்கு."

"டயரு ரெண்டு எங்க வீட்ல இருக்கு."

"சுடுகாட்டுக்குப் போற வழியிலயே எட்டு மரம் கெடக்குது. அத மொதல்ல யாரு அறுக்குறது? பேசாம கொல்லையிலயே பொதைச்சிட்டா என்ன?"

"நம்மள்ல பொதைக்கிற வழக்கம் இல்லியேப்பா."

"வழக்கத்தப் பாத்தா நாறிப்போயிரும், பரவால்லியா?"

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் மார்மேல் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்தது. "மூச்சு வருதுடா. டேய், மூச்சு வருதுடா" என்றது. வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அத்தை நேராக வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டது. எனக்கு இருபத்திரண்டு வயது சார்.

"உசுரோட இருக்குறவன் தலைமாட்டுல தேங்கா மூடியில வெளக்கு வச்சிருக்கியேடா. கட்டில்ல கெடந்தவனக் கீழ எறக்கி, தெக்க தலைய வச்சு, தேங்காய ஒடைச்சு... பொணத்துக்குச் செய்யிறதையெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சு வச்சிருக்கியே. எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

இறந்தவர் தலைமாட்டில் அப்படித்தான் வைப்பார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் எந்த எழவு வீட்டுக்குப் போனேன்? கஞ்சி கொடுக்க வெளிச்சம் வேண்டும் என்றும், வெள்ளைப் பரப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "வாய மூடு" என்றது அத்தை.

சரி, அணைத்துவிடுகிறேன் என்று குனிந்தேன். அங்கேதான் பிரச்சினை. அத்தை என் கையைத் தட்டிவிட்டது. "அணைக்காத. தலைமாட்டுல ஏத்துன வெளக்கு, தூக்குற வரைக்கும் அணையக் கூடாது. அணைஞ்சா இந்தக் குடும்பத்துல இன்னொரு உசுரத் தேடிக்கிட்டுப் போகும்."

"தானா எண்ணெ தீந்து அணைஞ்சா?" என்று வீரையன் மாமா கேட்டார்.

"எப்புடி அணைஞ்சாலும் அணைஞ்சதுதான். அங்க திருப்பூர்ல ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டுக் கெடக்குறா. பெத்தாளா, என்ன ஆனான்னு ஒரு சேதியும் இல்ல. நீ அணைக்கிறியா? உனக்குத் தைரியம் இருக்கா?"

"பூசாரியக் கேட்டா ஏதாச்சும் பரிகாரம் சொல்லுவாரு."

"பூசாரி வூடே போயி அவரு பள்ளிக்கூடத்துல படுத்துக் கெடக்காரு. அவருக்கு யாரு பரிகாரம் சொல்றது?" என்றார் வாசலில் ஒருவர். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

இவ்வளவும் அப்பாவுக்கு முன்னால்தான். அவருக்குக் காது கேட்கும் என்று முன்னாலேயே சொன்னேன்.

அத்தை வீட்டிலும் கூரை போய்விட்டது. அதனால் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டது. போகும்போது, "என்னமும் பண்ணு. அத மட்டும் அணையவுட்றாதடா" என்றது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அத்தையிடம் நேராகவே சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தது வெளிச்சத்துக்காகத்தான்.

பகலிலா? பகலிலும் எரிந்தது. ஜன்னலில் மரம் கிடந்தது என்று சொன்னேனே சார்.

தூங்கும்போது? எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டேன். அப்பாவை எப்படியும் பார்க்க வேண்டுமே, அப்படியே விளக்கையும் பார்த்துக்கொள்வது. எண்ணெய் வீணாகக் கூடாது என்பதற்காகத் திரியை மட்டும் சின்னதாக வைத்தேன்.

அப்பா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. கஞ்சி, தண்ணீர், இளநீர் எதுவும் இல்லை. கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். அக்கா பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். "அக்காவுக்குக் குழந்தை பொறக்கப் போவுது, நீங்க பாக்க வேணாமாப்பா?" என்றேன். அக்கா பெயரைச் சொன்னால் இன்னும் இறுக்கமாகக் கடித்துக்கொண்டார். தொண்டை வலி அவ்வளவு இருந்திருக்கிறது.

மருத்துவ முகாமிலிருந்து ஒரு நர்ஸ் தெருத்தெருவாக வந்தது. பார்த்துவிட்டு, "இவருக்கு முழுங்க முடியாம இல்லையே. வேணும்னே வாய மூடிக்கிட்ட மாதிரில்ல இருக்கு. வீட்ல ஏதாவது மனஸ்தாபமா?" என்றது. சின்னப் பெண், அனுபவம் பற்றாது. ஆனால் நல்ல பெண். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்தது. நாளைக்குள் ரோடு திறந்துவிடும், டிரிப்ஸ் ஏற்ற ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன், அதுவரை எப்படியாவது ரெண்டு வாய் உள்ளே போக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்றைக்கு மத்தியானம்தான் டவர் வந்துவிட்டது என்று சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் வைத்து எல்லோருக்கும் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். விளக்குகளுக்கு நிறைய எண்ணெய் ஊற்றிவிட்டு ஓடினேன். போனில் உயிர் வந்ததும் அம்மாவுக்குப் போட்டேன். அம்மா அழுதுகொண்டே பேசினாள். அக்காவுக்குப் பெண் குழந்தை. புயல் அடித்த மறுநாள் விடியற்காலையிலேயே பிறந்துவிட்டதாம். ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். "அப்பா எப்படிடா இருக்காரு?" என்றாள். இருக்காரும்மா என்றேன். ராத்திரி பஸ் ஏறிவிடுகிறேன் என்றாள்.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பா காதோரம் குனிந்து சொன்னேன். "அக்காவுக்குப் பொண்ணு பொறந்திருக்குப்பா. என்னைக்கோ பொறந்தாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அம்மா நாளைக்கு வந்துருவாங்க."

சார், அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வாய் தானாகத் திறந்தது. கரைசலை ஊற்றினேன். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி. அதுவும் இறங்கியது. அந்த ரெண்டு மூடி வெளிச்சத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. புரையேறவே இல்லை. நான் அழுதுவிட்டேன். இனிமேல் பயமில்லை, அம்மாவிடம் அப்பாவை ஒப்படைத்துவிடலாம் என்று தோன்றியது.

அப்போது அப்பா இடது கையைத் தூக்கினார். விளக்கைக் காட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்து மேலும் கீழும் அசைத்தார். மறுபடி காட்டினார். என்னையே பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல்.

நான் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் குறைந்துதான் போயிருந்தது. போய் வந்த நேரத்தில் பாதி எரிந்துவிட்டது. மகள் விஷயத்தில் அவருக்கு அவ்வளவு கவலை. "தோ ஊத்துறேன்ப்பா, பயப்படாதீங்க" என்று பாட்டிலை எடுத்து வந்து ஒரு மூடிக்கு ஊற்றினேன். அடுத்த மூடிக்கும் ஊற்றினேன். திரியையும் நன்றாகத் தூண்டிவிட்டேன். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

அப்பா நான் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார். மூன்றாவது கரண்டியைக் கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டார். மனது நிறைந்துவிட்டதால் போதும் என்கிறார் என்று நினைத்தேன். நான் வற்புறுத்தவில்லை. யாரையும் வற்புறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

விடிகிற நேரத்தில் போய்விட்டார். ஆம்புலன்ஸ் பத்து மணிக்குமேல் வந்தது. ரோட்டை அப்போதுதான் திறந்தார்களாம்.

தெருவில் நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்கிறார்கள். உயிரோடு இருக்கிறவருக்கு விளக்கு வைத்தவன் என்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறவர்மேல் விழுந்து ஒப்பாரி வைத்தது யார்? அவர் காது கேட்க விறகு தேடினது யார்? எனக்கு அத்தைமேல்தான் வருத்தம். அணைக்கவிட்டிருந்தால் நான் அன்றைக்கே அணைத்திருப்பேன். வேறு ஏதாவது விளக்கு செய்துகொண்டிருப்பேன்.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மத்தியானம்தான் வந்து சேர்ந்தாள். கையில் குழந்தை போட்டோ உள்ள போனைப் பிடித்தபடியே வந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"கடைசியா ஏதாச்சும் கேட்டாராடா?"

"வெளக்கக் காட்டுனாரும்மா. எண்ணெ ஊத்தச் சொன்னாரு."

"ஊத்துனியா?"

"விளிம்பு வரைக்கும் ஊத்துனேம்மா."